தெம்புக்கு யூனிட் போட்டவர்

பூமியின் சுற்றளவை அளந்தவர்கள் உண்டு. கடலின் ஆழத்தை அளந்தவர்கள் உண்டு. சந்திரனுக்கே சென்று மண்ணள்ளி வந்தவர்களும் உண்டு. ஆனால் ஓட்டக்காரன் ஒருவனை எதிரே நிறுத்தி, அவன் நெஞ்சுக்குள் எவ்வளவு தெம்பு இருக்கிறது என்பதை யூனிட் கணக்கில் அளந்து, அதனை அட்டையில் எழுதி, தேதியும் போட்டுக் கையொப்பமும் இட்டவர் இவ்வுலகில் ஒரே ஒருவர்தான். அவர் மதுரையில், கீழவாசல் பக்கத்து லாட்ஜ் ஒன்றின் ஏழாம் எண் அறையில் வசித்தார். மிகைப்படுத்திச் சொல்வதாக வாசகர்கள் எண்ண வேண்டாம். அந்த அறையின் மற்றொரு கட்டிலில் ஆண்டுக்கணக்கில் படுத்திருந்தவன் நான்.

அவருடைய இயற்பெயர் லாட்ஜில் எவருக்கும் தெரியாது. வீடு வீடாகச் சென்று மின்சார மீட்டரைப் பார்த்து அளவு குறிப்பது அவருடைய உத்தியோகம். ஆகையால் அவர் ‘மீட்டர்’ ஆனார். வயதில் இளையவர்கள் ‘மீட்டரண்ணே’ என்றோம். லாட்ஜில் மற்றவர்களின் பெயர்களை நாங்கள் அறிந்துகொண்டது தபால்காரரால்தான். அவர் முற்பகலில் முற்றத்தில் வந்து நின்று, உறையின் மேலுள்ள பெயரை நான்கு தெருவுக்குக் கேட்கும்படி கூவுவார். அதற்குரியவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மரப்படியில் தடதடவென்று இறங்கி ஓடி வருவார். மீட்டருக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை. எனக்கும் வந்ததில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது முறை. என் பெயரை வாய்விட்டுக் கூப்பிடுகிறவர் மில் வாசலில் ஆள் எடுக்கும் குமாஸ்தா ஒருவர்தான். அவரும் எல்லா நாளும் கூப்பிடுவதில்லை.

காக்கிச் சட்டை, தோளில் நீண்ட நோட்டுப் பை, இடுப்பில் டார்ச் லைட், காதில், ஈரம் பட்டால் ஊதாவாக எழுதும் காப்பிங் பென்சில். இதுவே அவருடைய தோற்றம். எழுதும் முன் பென்சில் முனையை நாக்கில் தொட்டு நனைத்துக்கொள்வார். இருபது வருடம் அவ்வாறு தொட்டதன் பயனாக அவருடைய நாக்கு, நாவற்பழம் தின்றவன் நாக்கைப்போல நிரந்தர ஊதா நிறத்தை அடைந்திருந்தது. அவர் கொட்டாவி விட்டால் தெருப் பிள்ளைகள் கலைந்து ஓடுவர்.

கடமையில் அவர் எத்தகையவர் என்பதற்கு ஒரு சான்று போதும். எங்கள் லாட்ஜ் அவர் அளவெடுக்கும் தெருக்களுக்கு உட்பட்டதே. ஆயினும் லாட்ஜின் மீட்டரை மட்டும் அவர் படிக்கமாட்டார். அதற்கு வேறு பகுதியிலிருந்து வேறு ஆள் வர வேண்டும். தாம் குடியிருக்கும் வீட்டு மீட்டரைத் தாமே படிக்கக் கூடாது என்பது விதி என்பார். அலுவலகம் இட்ட விதியா, தமக்குத் தாமே இட்டுக்கொண்ட விதியா என்பதை நான் கேட்டறியவில்லை. லாட்ஜை நடத்தி வந்த முதியவரை நாங்கள் பாய் என்று அழைப்போம். அவர் ஒருநாள் மீட்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மீட்டரு, சும்மா ஒரு தடவ ஏறிட்டுப் பாருங்களேன். சக்கரம் பேய் புடிச்ச மாதிரி சுத்துது. பாக்குற எனக்கே தல சுத்துது.”

“பாய், சொந்த வீட்டு மீட்டர். நான் பாக்கக் கூடாது.”

“எழுதவா சொல்றேன்? பாக்கத்தான சொல்றேன்.”

“பாத்தாலே மனசுல எழுதிரும் பாய்.”

அன்று முதல் அவர் மாடிப்படியருகே உள்ள அந்த மீட்டரைக் கடக்கும்போதெல்லாம் இரு கண்களையும் இறுக மூடிக்கொள்ளலானார். மூன்றாம் நாள் எதிரே இருந்த தூணில் மோதி, நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிற்று. தைலப் புட்டியோடு ஓடிவந்த பாய், “யா அல்லா! மீட்டரப் பாக்க வேணாம், தூணையாவது பாருங்க!” என்று தலையில் அடித்துக்கொண்டார். மீட்டர் தைலத்தைத் தடவிக்கொண்டார், விதியை மாற்றிக்கொள்ளவில்லை.

இத்தகைய மனிதர் ஓட்டக்காரர்களிடம் எப்படி வந்து சேர்ந்தார்? மாலை ஐந்து மணிக்கு அவருடைய வேலை முடிந்துவிடும். அறைக்குத் திரும்பினால் அங்கே இரண்டு கட்டில்களும் ஒரு தண்ணீர்ப் பானையும் மட்டுமே இருந்தன. நாள் முழுதும் நூறு வீடுகளுக்குள் நுழைந்து வருகிற மனிதரிடம், அந்த நூறு வீட்டாரும் சொல்வது “மீட்டர் அந்தப் பக்கம் இருக்கு” என்னும் ஒரே வாக்கியம். பிறகு பேச ஒருவரும் இல்லாத ஒரு மாலைப்பொழுது. அது எத்தகையது என்பது இந்த வயதில் எனக்கு நன்றாகவே தெரிகிறது. அவர் காலாற நடந்து வைகைக்கு வருவார். தண்ணீரில்லாத வைகையின் மணலில் நான் வேலை செய்த மில்லின் ஓட்டக்காரர்களும் கபடிக்காரர்களுமாக நாங்கள் பயிற்சி எடுப்போம். ஆற்றங்கரையில் அமர்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒருநாள் எழுந்து வந்து எங்கள் டிரில் மாஸ்டரிடம் கேட்டார்:

“சார், பயக ஓடுற வேகத்த கடியாரம் வச்சு அளக்குறீங்க. தாவுற ஒயரத்த டேப்பு வச்சு அளக்குறீங்க. உள்ள இருக்குற தெம்ப யாரு அளக்குறா?”

“அத எப்படிய்யா அளக்குறது? கண்ணுக்குத் தெரியுமா?”

“கரண்டு மட்டும் தெரியுதாக்கும்? அத இருபது வருசமா அளந்துக்கிட்டுத்தான இருக்கேன்.”

மறுநாளே மீட்டர் வேலையைத் தொடங்கிவிட்டார்.

அந்நாளில் வீடுதோறும் மின்சார மீட்டரின் அருகில் ஒரு வெள்ளை அட்டை தொங்கும். மாதந்தோறும் அளவை அதில் குறிப்பார்கள். அதே போன்ற அட்டையை அவர் தம் கையாலேயே கோடு போட்டு ஆளுக்கொன்று தயாரித்தார். அதில் இரண்டு பத்திகள். ஒன்றின் தலைப்பு ‘நடக்கும்’. மற்றதன் தலைப்பு ‘முடியும்’. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டவனை அவர் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

“நல்லது நடக்கும்னு நெனக்கிறது ஒரு வயரு. என்னால முடியும்னு நெனக்கிறது இன்னொரு வயரு. ஒத்த வயர வச்சு எந்த வீட்டுலயாவது பல்பு எரிஞ்சு பாத்திருக்கியா?”

‘நடக்கும்’ பத்திக்கு ஒரு கேள்வி: “ஜெயிச்சா அந்தச் சேதிய மொத ஆளா யாருகிட்டச் சொல்லுவ?” கேட்டு வாய் மூடுமுன் பதில் வந்தால் ஐம்பது யூனிட். யோசித்து வந்தால் இருபது. “அதப் பாப்பம்ணே” என்றால் ஐந்து. ஒருவன் கேள்வி முடிவதற்குள் “மாமன் மககிட்ட!” என்றான்.

“மாமன் சம்மதிச்சாச்சா?”

“ஜெயிச்சாத்தாண்ணே கேக்கவே போறேன்.”

“அப்ப எழுவது.”

‘முடியும்’ பத்திக்கு வாய்க்கேள்வி கிடையாது, செருப்பைப் பார்ப்பார். எங்களில் எவனுக்கும் ஓடுவதற்கென்று பூட்ஸ் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓடுவோம். சாலை ஓட்டம் ஓர் ஊரில் தொடங்கி வேறோர் ஊரில் முடியும். ஓடி முடிக்கும் இடத்துக்குச் செருப்பை முன்கூட்டியே கொடுத்தனுப்பியவனுக்கு ஐம்பது யூனிட். தொடங்கும் இடத்திலேயே விட்டவனுக்குப் பத்து. இவை தவிர ஒரு மேற்பார்வையும் உண்டு. பந்தயத்துக்கு முன் போட்டோவுக்காக ஒருமுறை தலை சீவினால் நல்லது. மூன்று முறை சீவினால் அட்டையின் ஓரத்தில் ‘ஹை வோல்ட்டேஜ்’ என்று எழுதிவிடுவார்.

எங்கள் கபடிக் குழுவின் ஒச்சப்பனை அவர் அளந்த நாள் எங்களுக்குத் திருநாள். ஒச்சப்பன் ஆறடி உயரம். கதவு போன்ற மார்பு. கேள்வி கேட்குமுன்பே பதில் சொன்னான். செருப்பை மட்டுமன்றிக் கைக்கடிகாரத்தையும் பரிசு மேடைக்கே கொடுத்தனுப்பிவிட்டான். தலையை மூன்று முறை சீவினான். இரண்டு பத்திகளிலும் நூறு நூறு. நாங்கள் விசில் அடித்தோம். ஒச்சப்பன் கோட்டைத் தாண்டி உள்ளே போனான். இரண்டாவது முறை ‘கபடி’ என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு நோஞ்சான் அவனுடைய கணுக்காலைப் பிடித்துவிட்டான். ஒச்சப்பன் விழுந்த இடத்தில் குழி விழுந்தது. டிரில் மாஸ்டர் பாய்ந்து வந்தார்.

“யோவ் மீட்டரு! நூறு யூனிட்டுன்னு சொன்னீரே, எங்கய்யா போச்சு அம்புட்டும்?”

“சார், நான் பாத்தது கரண்ட்ட. கரண்டு வந்துச்சு. பல்பு ஃபியூஸ். அதுக்கு மீட்டர் என்ன சார் செய்யும்?”

ஆனால் அவருடைய புகழை நிலைநாட்டியவன் மாயாண்டி. அவன் ஓட்டக்காரன், முதல் மூன்று மைல்களில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஒரு பந்தயத்தன்று செருப்பு எங்கே என்று மீட்டர் கேட்க, “குடுத்து விட்டிருக்கேண்ணே” என்றான். அந்தக் குரல் மீட்டருக்குப் பிடிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு சாலை நெடுகத் தேடிப்போனார். நான்காம் மைலில் ஒரு புளியமரத்தின் வேரிடுக்கில், வாழை இலையால் மூடி, மாயாண்டியின் செருப்பு இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. திரும்பி வந்து அட்டையில் ‘முடியும்’ என்னும் பத்தியில் ‘நாலாவது மைல் வரை’ என்று எழுதினார். டிரில் மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பந்தயம் தொடங்கிற்று. மாயாண்டி எல்லோருக்கும் முன்னால் பறந்தான். நான்காம் மைலில் புளியமரத்தைக் கண்டான்; நின்றான்; உட்கார்ந்தான்; செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குச் சென்று சர்பத் குடித்தான்.

“வாய் என்னமும் சொல்லும் சார். செருப்புப் பொய் சொல்லாது” என்றார் மீட்டர்.

அதன்பின் அளவு எடுக்காமல் எவனும் களத்தில் இறங்கமாட்டான். ரேஷன் கடைபோல வரிசை நின்றது. மில் முதலாளி பயிற்சியைப் பார்வையிட வருவதாக இருந்த ஒருநாள், டிரில் மாஸ்டரே அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வந்து, “எனக்கு எம்புட்டு இருக்குன்னு சும்மா பாருங்களேன்” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். மீட்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சார், நீங்க இன்னும் செருப்பையே கழட்டல” என்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் அந்த மில்லில் பதிலி. நிரந்தரத் தொழிலாளி எவனாவது வராமற்போனால் அவனுக்குப் பதிலாக வேலை செய்கிறவனுக்குப் பதிலி என்று பெயர். தினமும் விடியலில் வாசலில் போய் நிற்க வேண்டும். எவனுக்கோ காய்ச்சல் வந்தால் எனக்கு வேலை. எல்லோரும் நலமாக இருந்தால் நான் அறைக்குத் திரும்பிப் பானைக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். என் சொந்த ஊர் டி. கல்லுப்பட்டிக்கு அப்பால். பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டனர். எங்கள் வீட்டில் பெரியப்பா பருத்தி மூட்டைகளை அடுக்கியிருந்தார். எனக்கு அங்கே இடமில்லை என்பதை அவர் வாயால் சொன்னதில்லை, மூட்டைகளால் சொன்னார்.

மீட்டர் முதல் முறை என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. ஜெயித்தால் யாரிடம் சொல்வேன்? பதில் தெரியாமலிருந்தால் “பாப்பம்ணே” என்று சொல்லி ஐந்து யூனிட்டாவது பெற்றிருக்கலாம். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. எவரும் இல்லை என்பதே அது. அதைச் சொல்ல விருப்பமில்லாமல் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செருப்பையும் கேட்டார். அதை எப்போதும் தொடங்கும் இடத்திலேயே விட்டுவிடுவேன் என்றேன். எடுத்துச் செல்ல ஆளில்லாதவன், ஓடிய தூரத்தைத் திரும்ப நடந்து வந்துதான் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் என் அட்டையில் ‘கதவு பூட்டு’ என்று எழுதினார். அளவெடுக்கப் போன வீடு பூட்டிக் கிடந்தால் அப்படி எழுதுவது அவர்கள் வழக்கம். அதற்கு முந்தைய மாதங்களின் சராசரியைப் போட்டுவிடுவார்களாம். எனக்கு முந்தைய அளவு எதுவும் இல்லாததால் அதையும் போட வழியில்லை.

இரண்டாம் வாரமும் கேட்டார், பூட்டு. மூன்றாம் வாரம், நான்காம் வாரம், பூட்டு. ஒரே அறையில் இரண்டு முழத் தூரத்தில் படுத்திருந்தும், அந்தக் கேள்வியை அவர் அறைக்குள் ஒருநாளும் கேட்டதில்லை. அது ஆற்றுமணலில் கேட்க வேண்டிய கேள்வி என்பதில் அவர் கறாராக இருந்தார்.

அந்த ஆண்டு மாசி மாதம், மில்களுக்கு இடையிலான சாலை ஓட்டம் வந்தது. சமயநல்லூரில் தொடங்கிச் சோழவந்தானில் முடிய வேண்டும். எங்கள் பதிலிகளில் எவனாவது முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் அவனை நிரந்தரமாக்குவதாக முதலாளி அறிவித்தார். அதே வாரத்தில், மாசிக்குப் பிறகு பதிலிகள் தேவைப்படமாட்டார்கள் என்னும் செய்தியும் வாசலில் பரவியது. ஆகவே எனக்கு வழி இரண்டே: மூன்றாம் இடத்துக்குள் வருவது, இல்லையேல் மதுரையை விட்டுப் போவது. எங்கே போவது என்பதற்குத்தான் விடையில்லை. பருத்தி மூட்டைகளின் மேல் படுத்து உறங்க இயலாது.

பந்தயத்துக்கு முதல்நாள் காலை, என் தலையணைக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. ஊதா எழுத்து.

‘நுகர்வோர் அவர்களுக்கு. தங்கள் இல்லத்தில் அளவு குறிக்க நான்கு முறை வந்தும் கதவு பூட்டியிருந்தது. ஆகவே நாளை காலை கதவைத் திறந்து வைத்து ஒத்துழைக்கக் கோரப்படுகிறது. தவறினால் இணைப்பு துண்டிக்கப்படும்.’

இதில் கடைசி வாக்கியத்தை அவரே கோடு போட்டு அடித்திருந்தார். அதற்குக் கீழே ‘தவறினால் மறுபடியும் வருவேன்’ என்று எழுதியிருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். அவர் எதிர்க்கட்டிலில் உட்கார்ந்து மிகுந்த கவனத்தோடு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை சமயநல்லூரில் இருபதுக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்கள் கூடினோம். மீட்டர் ஞாயிற்றுக்கிழமையிலும் காக்கிச் சட்டையோடு சைக்கிளில் வந்து சேர்ந்தார். எங்கள் மில்லின் ஆட்களை ஒவ்வொருவராக அளந்தார். மாயாண்டியின் செருப்பு சோழவந்தானுக்கே போய்விட்டது என்பதை மூன்று சாட்சிகளைக் கொண்டு உறுதி செய்துகொண்டார். கடைசியாக என்னிடம் வந்தார்.

“தம்பி, நாலு தடவ பூட்டு. நோட்டீசும் குடுத்தாச்சு. இன்னைக்காவது தெறந்துரு. ஜெயிச்சா மொத ஆளா யாருகிட்டச் சொல்லுவ?”

அன்று என் மனநிலை நன்றாயில்லை. எரிந்து விழுந்தேன்.

“ஏண்ணே உசுர வாங்குறீங்க? எனக்கு யாருண்ணே இருக்கா? சொல்லணும்னா உங்ககிட்டத்தான் சொல்லணும். அந்த ரூம்ல வேற யாரு இருக்கா, பானையா?”

பென்சில் அப்போது அவருடைய நாக்கின்மேல் இருந்தது. அங்கேயே நின்றுவிட்டது. ஐம்பது யூனிட் எழுதுவாரா, கோபத்துக்காகக் குறைப்பாரா என்று சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தனர். அவர் பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். நனைத்த பென்சிலை எழுதாமல் அவர் திரும்ப வைத்ததை அதற்குமுன் எவரும் கண்டதில்லை.

“இத நான் எழுத முடியாது தம்பி.”

“ஏண்ணே?”

“சொந்த வீட்டு மீட்டர்” என்றார். “நான் படிக்கக் கூடாது. ரூல் இருக்கு.”

அவர் குனிந்து, கோட்டருகே கிடந்த என் செருப்புகளைத் தாமே எடுத்தார். வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு அது. சைக்கிளின் கைப்பிடியில் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு, திரும்பிப் பாராமல் சோழவந்தான் சாலையில் மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

விசில் ஊதினார்கள். ஓடினேன். அன்றைய ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மற்ற நாட்களில் ஓடும்போது, திரும்ப நடக்க வேண்டிய தூரம் ஒவ்வோர் அடியிலும் கூடிக்கொண்டே போகிறது என்னும் எண்ணம் என் கூடவே ஓடி வரும். அன்று என் செருப்பு எனக்கு முன்னே போய்க்கொண்டிருந்தது. நான் போய்ச் சேரும் இடத்தில் எனக்கு உரியதொன்று காத்திருப்பது அதுவே முதல் தடவை. தேனூரைக் கடந்தபோது ஆறாவதாக இருந்தேன். வெற்றிலைக் கொடிக்கால்கள் தொடங்கி, அவற்றின் ஈரக் காற்று முகத்தில் பட்டபோது நான்காவது. எனக்கு முன்னே ஓடியவன் வேறு மில்லைச் சேர்ந்தவன். நல்ல பூட்ஸ் போட்டிருந்தான். அவன் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். திரும்பிப் பார்க்கிறவனுக்கு மீட்டர் எத்தனை யூனிட் குறைப்பார் என்று எண்ணிக்கொண்டே அவனைக் கடந்தேன். நாடாவைத் தாண்டினேன்.

டிரில் மாஸ்டர் தோள்துண்டைச் சுழற்றிக்கொண்டு குதித்தார். மாயாண்டி ஒன்பதாவதாக, ஆனால் முழுத் தூரமும் ஓடி வந்து சேர்ந்து கதறி அழுதான். நான் மீட்டரைத் தேடினேன்.

அவர் நாடாவுக்குப் பக்கத்தில்தான் நின்றார். நெஞ்சோடு சேர்த்து என் செருப்புகளைப் பிடித்துக்கொண்டு, கண்கள் இரண்டையும் இறுக மூடியிருந்தார். ஓட்டக்காரர்கள் வரத் தொடங்கியது முதல் அப்படித்தான் நிற்கிறார் என்றார்கள்.

“யோவ் மீட்டரு, கண்ணத் தெறய்யா! உம்ம ரூம்காரப் பய…” என்று டிரில் மாஸ்டர் கத்தத் தொடங்கினார்.

மீட்டர் உடனே செருப்புகள் இரண்டையும் தூக்கிக் காதுகளில் அழுத்திக்கொண்டார்.

“நீங்க சொல்லாதீங்க சார்! அவன் சொல்லணும்!”

சோழவந்தான் ஊரே கூடி நின்ற அந்த இடத்தில், காக்கிச் சட்டையும் மூடிய கண்களும் காதுக்கொரு செருப்புமாக ஒரு மனிதர் நின்ற கோலத்தைக் கண்டு சிரிக்காதவர் இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். மூச்சு வாங்கியது. அவருடைய காதுகளிலிருந்து செருப்புகளை மெல்ல விலக்கினேன்.

“மூணாவதுண்ணே.”

கண்களைத் திறந்தார். ஊதா நாக்கு தெரியச் சிரிக்க முயன்றார். அது சிரிப்பாக முடியவில்லை. என் செருப்புகளைக் கீழே போட்டு, காலாலேயே நேராகத் திருப்பி வைத்தார்.

“மாட்டிக்க. காலு சுடும்” என்றார்.

நான் நிரந்தரமானேன். மில் குடியிருப்பில் இடம் கொடுத்தார்கள். வேண்டாமென்று ஏழாம் எண் அறையிலேயே இருந்துகொண்டேன். மீட்டர் வழக்கம்போல வைகை மணலில் எல்லோரையும் அளந்து வந்தார். என்னை மட்டும் அளக்கவில்லை. என் அட்டை, நான்கு பூட்டுகளோடு, அவருடைய கட்டிலுக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கியது.

இரண்டு ஆண்டுகள் சென்றபின் அவருக்கு இடமாற்றம் வந்தது. இராமநாதபுரத்துப் பக்கம், கடலோரமாக ஓர் ஊர். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள். அவ்வளவே அவருடைய உடைமை. பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் போனேன். ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, அவருடைய கேள்வியையே அவரிடம் கேட்டேன்.

“போய்ச் சேந்ததும் மொத ஆளா யாருக்கு அண்ணே சொல்லுவீங்க?”

அத்தனை பேரை அத்தனை ஆண்டுகள் அளந்தவரிடம் அதை ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை போலும். காதிலிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வெளியே மணிப்பர்ஸ் விற்கிறவனைப் பார்த்தார். எதிரே நின்ற பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படித்தார்.

“கதவு பூட்டுன்னு எழுதிக்க தம்பி” என்றார்.

பஸ் கிளம்பிவிட்டது. லாட்ஜுக்குத் திரும்பி நடந்தேன். படியேறும்போது, காரணமின்றி, மீட்டர்ப் பெட்டிக்கு எதிரே நானும் கண்களை மூடிக்கொண்டேன். அறையில் இரண்டு கட்டில்கள் இருந்தன. பானை இருந்தது. ஆணியில் அட்டை இருந்தது. அவர் அதை எடுத்துப் போகவில்லை.

பத்து நாட்கள் கழித்து, வார விடுமுறை ஒன்றில், முற்பகல் நேரத்தில் படுத்துக் கிடந்தேன். முற்றத்தில் தபால்காரர் ஒரு பெயரைக் கூவினார். எவனோ இறங்கி ஓடுவான் என்று காத்திருந்தேன். மறுபடியும் கூவினார். மூன்றாம் முறையில்தான் அது என் பெயர் என்பது விளங்கிற்று. லுங்கியை மடித்துக் கட்டக்கூடத் தோன்றாமல் மரப்படியில் தடதடவென்று இறங்கினேன். லாட்ஜே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தது.

பதினைந்து காசு அஞ்சலட்டை. ஊதா எழுத்து.

‘வந்து சேர்ந்தேன். இங்கே உப்புக்காற்று, மீட்டர்ப் பெட்டியெல்லாம் துரு. முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன்.’

கீழே அவருடைய பெயர் இருந்தது. இத்தனை வருடங்களில் அன்றுதான் அறிந்தேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. ஊர் அறிந்த பெயரிலேயே அவர் இருக்கட்டும்.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டு முற்றத்திலேயே நின்றேன். பாய் தம் நாற்காலியிலிருந்து எழுந்து அருகில் வந்தார்.

“அட, உனக்கும் லெட்டர் வருதாப்பா! எங்கருந்து?”

“வீட்டுலருந்து பாய்” என்றேன்.